தலைக்கு மேலே பறந்தது, மேசை மேலே நிற்பது

1992 முதல் 2017 வரை, 25 ஆண்டுகள், திருத்தணிக்காரர்களுக்கு ஒரு விமானச் சத்தம் பழகிப்போயிருந்தது. பக்கத்து ஊரான அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பும் டியூ-142எம் விமானத்தின் சத்தம் அது. பின்னால் சரிந்த நீண்ட இறக்கை, நான்கு என்ஜின், ஒவ்வொரு என்ஜினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள். மலைக்கோயில் படியேறுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இத்தனை காலம் தலைக்கு மேல் பறந்த விமானம் என்பதால் அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் தவறு.

நான் பிளாஸ்டிக் கிட்டில் விமான மாதிரிகள் செய்கிறவன். வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளில் இந்தக் கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாதிரி செய்வது பற்றிய தவறான எண்ணங்களும் கூடவே வரும், விமான அருங்காட்சியகங்களைப் பற்றியவையும் வரும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பொருளை நின்று, கிட்டப் போய், பொறுமையாகப் பார்க்க நமக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. மாதிரி செய்வது அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. அருங்காட்சியகம் அந்த வாய்ப்பைத் தருகிறது. ஒன்றில்லாமல் மற்றது முழுமையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

“அது குண்டு போடுகிற விமானம்”

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. டுபோலெவ் நிறுவனத்தின் டியூ-95 நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானம்தான் இதன் மூத்த அண்ணன். ஆனால் டியூ-142 வேறு வேலைக்காக உருவானது. கடலுக்கு மேல் மணிக்கணக்கில் சுற்றி, சோனோபாய் என்ற மிதவைகளைத் தூவி, தண்ணீருக்குள் எழும் சத்தத்தை அவை ரேடியோவில் அனுப்ப, நீர்மூழ்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அதன் வேலை. அகப்பட்டால் தாக்க டார்பிடோக்களும் உண்டு. ஊர்கள் மேல் குண்டு போடுவதற்காக நம் கடற்படை அதை வாங்கவில்லை.

இந்தியாவுக்கு இவை வந்தது 1988-ல். மொத்தம் எட்டு. முதலில் கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சாவில் நின்றன. அந்த ஆண்டு நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது கடலைக் கண்காணிக்கும் வேலையில் இவையும் இருந்தன. அரக்கோணத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அது கடற்படைத் தளமாகி, 1992 மார்ச் 11-ல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையால் ஐ.என்.எஸ். ராஜாளியாகத் தொடங்கிவைக்கப்பட்டது. டியூ-142கள் அங்கே குடிவந்தன. 2017 மார்ச் 29-ல் அதே தளத்தில் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். 29 ஆண்டுகளில் சுமார் 30,000 மணி நேரம், விபத்தில்லாமல் பறந்திருக்கின்றன. நம் தலைக்கு மேல் பறந்த ஒன்றைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

“விசிறி வைத்த விமானம் மெதுவாகத்தான் போகும்”

இதை நம்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விசிறி என்றால் பழைய காலம், ஜெட் என்றால் வேகம் என்று மனதில் பதிந்துவிட்டது. டியூ-142 மணிக்கு 900 கிலோமீட்டரை எட்டக்கூடியது. இன்று சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் ஜெட் விமானத்தின் வேகமும் ஏறத்தாழ அதுதான்.

இது எப்படி முடிகிறது என்பதை ஒரு மாதிரியைக் கையில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். டியூ-142-இல் உள்ள குஸ்னெட்சோவ் என்கே-12 என்ஜின் ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத் திறன் கொண்டது. டர்போபிராப் வகையில் பயன்பாட்டுக்கு வந்தவற்றில் இதை மிஞ்சிய சக்தி வேறெதற்கும் இல்லை. அவ்வளவு சக்தியை ஒரே விசிறியால் வாங்கிக்கொள்ள முடியாது. விட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தரையில் இடிக்கும். ஆகவே ஒரே அச்சில் இரண்டு விசிறிகளை வைத்து, முன்னது ஒரு பக்கமும் பின்னது எதிர்ப்பக்கமும் சுற்றும்படி செய்தார்கள். முன் விசிறி முறுக்கிவிடும் காற்றைப் பின் விசிறி நேராக்கி, அந்தச் சக்தியையும் உந்துதலாக மாற்றுகிறது. விசிறியின் விட்டம் 5.6 மீட்டர். உயரத்தில் முழு வேகத்தில் போகும்போது அதன் நுனி ஒலியின் வேகத்தையே எட்டிவிடும். அந்த விமானத்தின் பேர்போன இரைச்சலுக்கு இதுவே முக்கியக் காரணம்.

கிட்டைப் பிரித்தால், விசிறிகள் பிளாஸ்டிக் சட்டத்தில் நான்கு முன்னது, நான்கு பின்னது என்று தனித்தனி எண்ணோடு இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எட்டும் ஒன்றுபோலத் தெரியும். விளக்குக்குக் கீழே ஒன்றைச் சாய்த்துப் பிடியுங்கள். இதழ் தண்டிலிருந்து நுனிவரை லேசாக முறுக்கியிருக்கும். முன் விசிறியின் முறுக்கு ஒரு பக்கம், பின் விசிறியின் முறுக்கு அதற்கு நேரெதிர்ப் பக்கம்; ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். சட்டத்திலிருந்து எட்டையும் ஒரே நேரத்தில் வெட்டி ஒரு தட்டில் போட்டுவிட்டால் அப்புறம் பிரித்தெடுப்பது கஷ்டம். மாற்றி ஒட்டப்பட்ட மாதிரிகளைக் காட்சிக் கூடங்களில்கூடப் பார்க்கலாம். செய்து பார்த்தவர்களுக்கு அது தூரத்திலிருந்தே கண்ணில் படும். இதை ஒருமுறை கையால் தொட்டு உணர்ந்தவருக்கு எதிர்ச்சுழல் விசிறி பற்றி வேறு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“இப்போது வருவது பயணிகள் விமானம்”

டியூ-142 போன பிறகு அரக்கோணத்தில் இருப்பது போயிங் பி-8ஐ. 2013 மே மாதத்தில் முதலாவது வந்தது. பார்க்க அப்படியே 737. அதனால் யாரோ வழி மாறி வருவதாக எண்ணுகிறவர்களும் உண்டு, பெரிய அதிகாரிகள் பயணம் செய்கிற விமானம் என்பவர்களும் உண்டு. உண்மையில் 737-800-இன் உடல், 737-900-இன் இறக்கை, வயிற்றின் பின்பகுதியில் ஆயுத அறை, உள்ளே வரிசையாகக் கணினித் திரைகள். வேலை பழையதுதான், நீர்மூழ்கி வேட்டை.

இங்கே மாதிரி செய்கிறவர்களின் கண் உதவும். பயணிகள் 737-களில் பெரும்பாலானவற்றின் இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கும். பி-8-இல் நுனி மேலே மடங்காமல், பின்னோக்கிச் சரிந்து கூராக முடியும். ஜன்னல் வரிசை கிடையாது. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ-வுக்கும் நம்முடையதுக்கும்கூட வித்தியாசம் உண்டு. நம்முடையதன் வால் முனையில் காந்த மாறுபாட்டை உணரும் நீண்ட குழல் இருக்கும், பின்புறம் பார்க்கும் ரேடாரும் இருக்கும். அமெரிக்க ரகத்தில் இந்த இரண்டும் இல்லை. ஆகவே பி-8ஏ கிட்டை வாங்கி இந்தியச் சின்னத்தை மட்டும் ஒட்டினால் அது அரக்கோணத்து விமானம் ஆகிவிடாது.

“பெட்டியில் உள்ளபடி ஒட்டினால் போதும்”

மேலே சொன்னது டியூ-142-க்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பெட்டி மேல் டியூ-142 என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே இருப்பது டியூ-142எம்ஆர் ஆக இருக்கலாம். அது ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு தொடர்புகொள்வதற்காக உருவான ரஷ்யக் கடற்படையின் தகவல் தொடர்பு ரகம். நம்முடையது வேட்டை ரகம். நம்முடைய விமானத்தின் செங்குத்து வாலின் உச்சியில் ஒரு குழல் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் காந்த உணரிதான். வயிற்றுப் பகுதியின் புடைப்புகளும் இரண்டிலும் வேறு. அந்தக் குழலை நாமே பிளாஸ்டிக் கம்பியில் இழைத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சேர்க்க வேண்டியதுதான்.

சின்னத்திலும் கவனம் வேண்டும். இந்திய ராணுவ விமானங்களின் வட்டச் சின்னத்தில் வெளிவட்டம் காவி, இடையில் வெள்ளை, மையம் பச்சை. கொடியைப் பார்த்துப் பழகிய கண் மேலிருந்து கீழ் என்ற வரிசையைத்தான் நினைவில் வைத்திருக்கும். வட்டத்துக்கு வந்ததும் உள்ளிருந்து வெளியே என்று கொண்டு பச்சையை வெளியே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சின்னங்களை ஒட்டுவதற்கான டெக்கால் தாளை நாமே அச்சடிக்கும்போது அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

“72 என்றால் 48-ஐவிடப் பெரியது”

எண்ணைப் பார்த்துக் கிட் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. 1/72 என்றால் அசலின் 72-இல் ஒரு பங்கு. கீழே உள்ள எண் கூடக்கூட மாதிரி சிறிதாகும். டியூ-142-இன் இறக்கை விரிவு 50 மீட்டர். 1/144-இல் அது 35 சென்டிமீட்டர், புத்தக அலமாரியில் நிற்கும். 1/72-இல் 69 சென்டிமீட்டர், அதற்குத் தனி மேசை வேண்டும். 1/48-இல் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். விமானத்தின் நீளம் சுமார் 53 மீட்டர் என்பதால் இறக்கைக்கு இருக்கும் அதே இடப் பிரச்சினை நீளத்துக்கும் உண்டு. இடத்தை அளந்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

72 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் அளவுமுறையில் ஆறடிக்கு ஓர் அங்குலம். ஆறடி ஆள் மாதிரியில் ஓர் அங்குலம் இருப்பான், கணக்குப் போட எளிது. 1930-களில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் வந்த மரக் கிட்டுகள் இதைப் பரப்பின. 1936-இல் ஃபிராக் நிறுவனத்தின் பென்குயின் வரிசை பிளாஸ்டிக்கில் அதே அளவைத் தொடர்ந்தது. பிறகு ஏர்ஃபிக்ஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கிட் என்றாலே வெளிநாட்டுப் பொருள் என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கும்.

“அது குழந்தைகள் விளையாட்டு”

பெரியவர்கள் பொம்மை செய்கிறார்கள் என்ற பேச்சு எனக்கு வருத்தம் தருவது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 விமான மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. 50 ரகம், ஒவ்வொன்றிலும் 10,000. அளவு 1/72. மரத்தில் செதுக்கிக் கறுப்பு வண்ணம் பூசிய அந்த மாதிரிகளை வைத்துத்தான் வீரர்களும் விமானப் பார்வையாளர்களும், வானத்தில் தெரியும் நிழல் உருவம் நம்முடையதா எதிரியுடையதா என்று சட்டென்று சொல்லப் பழகினார்கள். 1/72-இல் ஒரு மாதிரியை அரை மைல் தூரத்து விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகப் பார்க்க, சுமார் 35 அடி தள்ளி நின்றால் போதும். உயிர் காக்கும் பயிற்சிக்குக் கருவியாக இருந்தது பள்ளிப் பிள்ளைகள் செய்த மாதிரிதான்.

பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, 1/72-இல் ஒற்றை என்ஜின் விமானம் ஒன்றைத் தாராளமாகச் செய்யலாம். தொடங்குவதற்கு வேண்டியது ஒரு சிறிய வெட்டுக் குறடு, பிளேடு, உப்புத்தாள், பிளாஸ்டிக் பசை, இரண்டு தூரிகை. ஏர்பிரஷ், கம்ப்ரசர் எல்லாம் இல்லாமல் கை ஓடாது என்பதும் தவறான நம்பிக்கைதான்.

“அங்கிள், இது பறக்குமா?”

எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் கேள்வி இது. பறக்காது. ஏன் பறக்காது என்று சொல்லும்போது அவர்கள் கண்கள் விரிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அளவை 72-இல் ஒன்றாகக் குறைத்தால் நீளம் 72 மடங்கு குறையும். இறக்கையின் பரப்பு 72 முறை 72, அதாவது 5,184 மடங்கு குறையும். கன அளவு 3,73,248 மடங்கு குறையும். டியூ-142 முழுச் சுமையோடு கிளம்பும்போது ஏறக்குறைய 185 டன். அதே விகிதத்தில் எடையும் குறைந்தால் மாதிரி அரைக் கிலோதான் வரும். எடை இவ்வளவு குறைந்தும் பறக்காததற்கு முதல் காரணம் தள்ளிவிட என்ஜின் இல்லை. இரண்டாவது காரணம்தான் சுவையானது: விமானத்தைச் சிறிதாக்கினோம், காற்றைச் சிறிதாக்கவில்லை. சின்ன இறக்கை மேல் ஓடும் அதே காற்று, பெரிய இறக்கை மேல் ஓடுவதுபோல் நடந்துகொள்ளாது. ஒப்பளவில் பிசுபிசுப்பு கூடிப்போகும். அதனால்தான் ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரிகளுக்கு இறக்கையின் வடிவத்தையே மாற்றுகிறார்கள். அலமாரி மாதிரி தோற்றத்துக்கு உண்மையாக இருக்கிறது, பறக்கும் மாதிரி காற்றுக்கு உண்மையாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கலை.

இந்த இடத்தில் இன்னொரு நம்பிக்கையைத் தொட்டாக வேண்டும். ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலின் படங்களை வைத்து ருக்ம விமானம், சகுன விமானம் என்று மாதிரிகள் செய்து காட்டுகிறார்கள். பார்த்தவர்கள் நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்பதற்கு இதுவே ஆதாரம் என்கிறார்கள். அந்த நூல் 1918-க்கும் 1923-க்கும் இடையில் சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்ல எழுதப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதை ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நூலின் நடை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், அதில் சொல்லப்பட்ட வாகனங்கள் எதற்கும் பறக்கும் தகுதி இல்லை என்றும் முடிவு சொன்னார்கள். எந்த வரைபடத்தையும் மாதிரியாகச் செய்துவிடலாம். மாதிரி நிற்கிறது என்பதால் அசல் பறந்தது என்று ஆகாது.

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்வித்து, கருவுற்ற அரசி விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். திருத்தக்கதேவரின் கற்பனைக்கு நான் தலைவணங்குகிறேன். காவியம் காவியமாகவே பெரியது, அதற்குப் பொறியியல் சான்றிதழ் தேவையில்லை. நிஜமாகவே பெருமைப்பட நம் பக்கத்திலேயே ஒன்று நடந்திருக்கிறது. 1910 மார்ச்சில் சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்து சிம்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட முடிந்திருக்கவில்லை. நம் பள்ளிக் கண்காட்சிகளில் மாதிரியாக நிற்க வேண்டியது இந்த விமானம்தான்.

“நம்ம ஊர் வெயிலில் பிளாஸ்டிக் உருகிவிடும்”

கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி முன்னால் வரும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. ஆனாலும் கிட்டுகள் செய்யப்படும் பாலிஸ்டைரின் இளகத் தொடங்குவது ஏறத்தாழ 100 டிகிரியில். நிழலில் உள்ள அலமாரியில் எதுவும் ஆகாது. மூடிய காரின் டாஷ்போர்டிலும், நேர் வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைத்தால்தான் ஆபத்து. அங்கே மெல்லிய இறக்கை மெதுவாக வளைந்துபோகும். வெயிலில் நிஜமாகத் தொல்லை தருவது வண்ணம்தான். அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே மே மாதத்தில் வண்ணம் பூசும் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வேன்.

அந்த வெயிலால் ஒரு நன்மையும் உண்டு. பழைய கிட்டுகளில் டெக்கால் தாள் மஞ்சளேறிப் போயிருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிற வேலை இது.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபெவிக்விக் போட்டால் எல்லாம் ஒட்டும் என்பார்கள். அவசரத்துக்கு ஒட்டும். பிளாஸ்டிக் பசை செய்வது வேறு. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது, காய்ந்தபின் அந்த மூட்டு ஒரே துண்டு. விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடிக்கு ஃபெவிக்விக் கூடவே கூடாது, அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து கண்ணாடியை மங்கலாக்கிவிடும். அதற்கு நம் பள்ளிக்கூட ஃபெவிகால் மிக நன்று, காய்ந்தால் நிறமே தெரியாது. எந்தப் பசையானாலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

“எரிபொருள் ஊற்றினால் இப்போதே பறக்கும்”

அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கும் விமானத்தைப் பார்த்து இப்படித்தான் தோன்றும். அரக்கோணத்திலிருந்து போன டியூ-142 ஒன்று இன்று விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் நிற்கிறது. 2017 ஏப்ரலில் அது தன் கடைசிப் பறப்பாக விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போனது. அதே ஆண்டு டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்கு அது பறந்து வரவில்லை. இறக்கை, வால், உடல் என்று கழற்றி, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். பூட்டியது நிற்பதற்காக, பறப்பதற்காக அல்ல. இப்படிக் காட்சிக்கு வைக்கப்படும் விமானங்களில் ஆயுதங்கள், வெடிக்கும் தன்மையுள்ள பாகங்கள், ரகசியக் கருவிகள் எல்லாம் அகற்றப்பட்டிருக்கும். பலவற்றில் என்ஜினே இருக்காது. எடை பின்னால் சாயாமலிருக்க மூக்கில் பாரம் வைப்பதும் வாலுக்கு முட்டுக்கொடுப்பதும் உண்டு. மாதிரி செய்கிற நாங்களும் மூன்று சக்கர விமானங்களின் மூக்கில் தூண்டில் ஈயத்தைத் திணிப்பது இதே காரணத்துக்காகத்தான்.

அங்கே போனால் உள்ளே ஏறிப் பார்க்கலாம். வெளியிலிருந்து மலைபோலத் தெரியும் விமானம் உள்ளே எவ்வளவு குறுகல் என்பது பத்து மணி நேரத்துக்கு மேல் அதில் பறந்தவர்களின் உழைப்பை உடனே புரியவைக்கும். எதிரே கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியும் இருக்கிறது. வேட்டைக்காரனையும் வேட்டையாடப்படும் இனத்தையும் சாலையின் இரு பக்கமும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

“அருங்காட்சியகத்தில் இருக்கும் நிறம்தான் அசல் நிறம்”

இதை நம்பித் திணறுகிறவர்கள் மாதிரி செய்கிறவர்களில் நிறைய. வெளியில் நிற்கும் விமானங்களுக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை புது வண்ணம் பூசுகிறார்கள். கிடைத்த சாம்பலைப் பூசுவதும், எழுத்தை வேறு அளவில் எழுதுவதும் நடக்கும். பல விமானங்களின் எச்சரிக்கைக் குறிகள் வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோயிருக்கும். ஆகவே நிறத்துக்குப் பணிக்காலப் புகைப்படத்தை நம்புங்கள். வடிவத்துக்கு மட்டும் அருங்காட்சியகத்தை நம்புங்கள். சக்கர அறைக்குள் ஓடும் குழாய்கள், கதவின் உட்புற விலா எலும்புகள், டயரின் பூப்பள்ளம், விசிறி இதழின் வேர் போன்றவற்றை எவரும் மாற்றிப் பூசியிருக்க மாட்டார்கள். கேமராவை முழு விமானத்தின் மேல் திருப்புவதற்குள் குனிந்து சக்கர அறையைப் படமெடுத்துவிடுங்கள்.

“இந்தியா முதலில் செய்த போர் ஜெட் தேஜஸ்”

படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். எச்எஃப்-24 மாருத் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது 1961 ஜூன் 17. தேஜஸின் முதல் பறப்பு 2001 ஜனவரி 4. இடையே 40 ஆண்டு. மாருத்தை வடிவமைத்த குழுவின் தலைவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரின் ஃபோக்-வுல்ஃப் 190 அவர் கைவண்ணம். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) 147 மாருத்களைச் செய்தது. என்ஜினின் சக்தி வடிவமைப்புக்குப் போதாமல் போனதுதான் அதன் சோகம். ஒலியைவிட வேகமாகப் போகும் உருவம் அதற்கு இருந்தது, அதற்கேற்ற உந்துதல் கிடைக்கவில்லை. பெங்களூரில் எச்ஏஎல் பாரம்பரிய மையத்திலும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் மாருத் நிற்கிறது. ஜெர்மனியிலும் ஒன்று இருக்கிறது. நம் ஊரிலிருந்து அரக்கோணம் போய் ரயில் மாறினால் பெங்களூரு ஒரு நாள் பயணம்தான்.

நின்றுபோன விமானத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியைச் சொல்வேன். ஓய்வுபெற்ற இரண்டு விமானங்கள் அங்கே மாணவர்களுக்காக வைக்கப்பட்டிருந்தன. அவைதான் தன்னைக் கட்டியிழுத்தன என்று அங்கே படித்த அப்துல் கலாம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார்.

“தளம் பக்கத்திலேயே இருக்கிறதே, வேலியோரம் நின்று படம் எடுக்கலாம்”

செய்யாதீர்கள். ராணுவத் தளம் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடம். படமெடுப்பதும், வரைந்துகொள்வதும், டிரோன் விடுவதும் குற்றமாகும். வெளிநாடுகளில் விமானங்களின் எண்ணைக் குறித்துக்கொள்வதே ஒரு பொழுதுபோக்கு. 2010-இல் டெல்லி விமான நிலையத்துக்கு அருகே ஹோட்டல் அறையிலிருந்து அப்படிக் குறித்துக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதாகி, அபராதம் கட்டித்தான் ஊர் திரும்ப முடிந்தது. அது பொது விமான நிலையத்தின் கதை. கடற்படைத் தளத்தில் நிலைமை இன்னும் கடுமை. பி-8ஐ படங்கள் வேண்டுமென்றால் கடற்படையே வெளியிட்டவை போதுமான அளவு இருக்கின்றன.

“அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, இனி என்றைக்கும் இருக்கும்”

ஐ.என்.எஸ். விக்ராந்த், நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல், 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க முடியாமல் 2012-இல் மூடி, 2014-இல் உடைக்க விற்றார்கள். அருங்காட்சியகம் என்ற பெயர்ப்பலகை ஒரு பொருளுக்கு நிரந்தரப் பாதுகாப்பு தந்துவிடாது. அலுமினியத்துக்கு உப்புக் காற்று ஆகாது. விசாகப்பட்டினத்து டியூ-142 நிற்பதோ அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கூரையில்லாமல். கோவாவில் 1998-இல் திறந்த கடற்படை விமான அருங்காட்சியகத்திலும் சூப்பர் கான்ஸ்டலேஷன் போன்ற பெரிய விமானங்கள் வெட்டவெளியில்தான். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் கொட்டகைக்குள் நிற்கும் பழைய வாபிட்டியும் லைசாண்டரும் கொடுத்துவைத்தவை.

எனவே விசாகப்பட்டினம் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. சென்னையிலிருந்து இரவு ரயிலேறினால் மறுநாள் போய்விடலாம். முதலில் மூக்குச் சக்கர அறை, பிறகு பிரதான சக்கரங்கள், இடப்பக்க வெளி என்ஜினின் இரண்டு விசிறிகளும் ஒரே சட்டகத்தில், வால் உச்சிக் குழல், வயிற்றுப் புடைப்பு என்று வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலோ பேனாவோ தெரியட்டும், தேதியையும் குறித்துவையுங்கள். மாதிரி செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் எடுத்துவையுங்கள். அரக்கோணத்து விமானத்தைச் செய்ய உட்காரும் யாருக்காவது அந்த வால் உச்சிக் குழலின் நீளம் ஒருநாள் தேவைப்படும்.